வெயிலின் மேல் போட்ட பழி

சென்னையில் இருந்த வானுடல் நிறுவனத்தில் எதற்கெடுத்தாலும் கேக் வெட்டுவார்கள். அன்றைய கேக்கின் மேல் மஞ்சள் கிரீமில் ஒரு சூரியனை வரைந்து, அதற்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிச் சிரிக்கவும் வைத்திருந்தார்கள். கீழே ‘நூற்றுக்குத் தொண்ணூறு’ என்று எழுதியிருந்தது.

புனிதவதி கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். கை தட்டிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எதற்காகத் தட்டுகிறோம் என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா என்று யோசித்தாள். தெரியாது. சம்பளம் தருகிறவன் சிரித்தால் தட்ட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

சம்பளம் தருகிறவன் அபிநவ். முப்பது வயது. காலுறை இல்லாமல் ஷூ போடுவதையே ஒரு சாதனை போல அணிந்து திரிகிறவன். “நூறு பேருக்கு அக்கி வரும்னு சொன்னோம். தொண்ணூறு பேருக்கு வந்துடுச்சு. உலகத்துல எவனாலயும் இது முடியல. எல்லாம் நம்ம மேடத்தோட மாடல்” என்று அவளைக் கை காட்டினான். மறுபடியும் கைதட்டல்.

தொண்ணூறு பேர் உடம்பில் நெருப்புத் துண்டை வைத்ததுபோல் துடித்திருக்கிறார்கள். அதற்குக் கேக்.

சிறு வயதில் சின்னம்மை போட்டவர்களின் உடம்பை விட்டு அந்தக் கிருமி போவதே இல்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் படுத்துத் தூங்குகிறது. எத்தனையோ வருஷம் கழித்து, உடம்பின் காவல் தளரும் நேரம் பார்த்து விழித்துக்கொள்கிறது. விழித்தால், அந்த நரம்பு ஓடும் தடத்திலேயே கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது. அதுதான் அக்கி. கடும் வெயிலிலும், வெப்பம் திடீரென்று ஏறி இறங்கும் வாரங்களிலும் அது கொஞ்சம் அதிகமாக வருகிறது என்று வானிலைத் துறையில் இருந்தபோது புனிதவதி ஒரு கட்டுரை எழுதினாள். ‘கொஞ்சம்’ என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டிருந்தாள். அபிநவ் அந்தக் கட்டுரையை நம்பி ஒரு கம்பெனி ஆரம்பித்தான். ஆரம்பித்தபோது அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டான். கை நிறையச் சம்பளம் என்றதும் அவளும் அதைத் தேடவில்லை.

கம்பெனி விற்றது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறிய பட்டையை, ‘ஒட்டு’ என்று. வியர்வையை வைத்து உடம்பின் காவல் எப்படி இருக்கிறது என்று அது பார்க்கும். அதோடு அந்த ஊரின் வெயில், புழுக்கம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, போனுக்கு ஒரு நிறம் வரும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் இரண்டு வாரத்துக்குள் அக்கி.

கண்ணில் அக்கியோடு வண்டி ஓட்டிய யாரோ ஒரு டிரைவர் சுங்கச்சாவடியில் போய் மோதியதிலிருந்து, டிரைவர்கள் எல்லாரும் ஒட்டு போட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. பகலில் நான்கு மணி நேரம் யாரும் வெளியே வேலை செய்யக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்த கோடைகள் அவை. பஸ்கள் மட்டும் ஓடின. முதல் வாடிக்கையாளர் வேலூர் ஜம்பு டிரான்ஸ்போர்ட். அதன் முதலாளி ஜம்புலிங்கம், சிவப்பு வந்தவனை இரண்டு வாரம் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவார். அவன் ஓட்டிய தடத்தை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார். மூன்று முறை சிவப்பு வந்தால் வேலையே இல்லை. பயணிகளின் உயிர்தான் தனக்கு முக்கியம் என்று மேடையில் பேசுவார். டிரைவர்களுக்குத் தடுப்பூசி போட்டால் என்ன என்று யாரோ கேட்டபோது, அதை யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்று வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

புனிதவதிக்கு உறுத்தியது வேறு. முதல் வருஷம் பாதிகூடச் சரியாக வரவில்லை. இப்போது தொண்ணூறு. ஆனால் இடையில் அவள் மாடலில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. எந்தப் பரீட்சையிலும் படிக்காமல் மதிப்பெண் ஏறாது. இந்தக் கேள்வியைக் கேட்கும் அளவுக்குக்கூட மூளை உள்ளவன் அந்த அறையில் ஒருவனும் இல்லை. அவளும் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. கேக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருக்கைக்குப் போனாள்.

அடுத்த வாரம் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டையோடு ஒருத்தர் வந்திருக்கிறார், உங்கள் தம்பி என்று சொல்கிறார் என்றார்கள். அந்த ‘சொல்கிறார்’ அவள் காதில் சுருக்கென்று பட்டது. தணிகாசலத்தைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிப் போனாள்.

தணிகாசலம் அவளுக்கு ஏழு வயது இளையவன். பத்தாம் வகுப்போடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு பஸ் பின்னால் ஓடியவன். இப்போது வேலூர் ஜம்பு டிரான்ஸ்போர்ட்டில் டிரைவர். ஜோசியம், டிவி, வாட்ஸ்அப் என்று யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவன். ஒரே வயிற்றில் பிறந்தும் இவன் ஏன் இப்படி என்று அவள் பலமுறை அலுத்துக்கொண்டிருக்கிறாள், அவன் முகத்துக்கு நேராகவும்.

“அக்கா, செவப்பு வந்துடுச்சுக்கா” என்றான், டீயைத் தொடாமல்.

“அதுக்கு?”

“நீ பாத்து மாத்தி வுடேன். உங்க மெஷின்தானே.”

“இது என்ன ரேஷன் கடையா, தெரிஞ்சவங்கன்னா ரெண்டு கிலோ கூடப் போடறதுக்கு?”

“எனக்கு ஒடம்புல ஒண்ணும் இல்லக்கா. முந்தாநேத்து வரைக்கும் திருப்பத்தூர் வண்டி ஓட்டினேன். நல்லாத்தான் இருந்தேன். மெசேஜ் வந்ததுலேர்ந்துதான் ஒரு மாதிரி இருக்குது. டிப்போவுல எங்கூட உக்காந்து சாப்பிட மாட்டேன்றானுங்க. தெருவுல புள்ளைங்கள உள்ள கூப்ட்டுக்குறாங்க. இது ரெண்டாவது செவப்பு. இன்னொண்ணு வந்தா அனுப்பிடுவாங்க. இந்த வயசுல நான் எங்க போவேன்?”

“ரெண்டு வாரம் வீட்ல படுத்துத் தூங்கு. வரலைன்னா தானா பச்சை ஆயிடும்.”

“தூக்கம் எங்கக்கா வருது. கண்ண மூடினா எங்க அரிக்குது, எங்க எரியுதுன்னு ஒடம்பையே தடவிகினு இருக்குறேன்.”

“படிச்சிருந்தா இப்படிப் பயப்பட மாட்ட.”

அவன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “சரிக்கா, வேலையப் பாரு” என்று எழுந்துபோனான். கோழை என்று நினைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் மறந்தும் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவன் மனைவி குமுதா போன் செய்தாள். “அண்ணி, இவரை ஆஸ்பத்திரியில சேத்திருக்குறோம். நெத்தியில வந்துடுச்சு. கண்ணுலயும்” என்றாள். அழவில்லை. அதனால் புனிதவதி உடனே கிளம்பினாள்.

வேலூரில் வெயில் தகரத்தைத் தட்டுவதுபோல் அடித்தது. வார்டில் தணிகாசலம் மல்லாந்து கிடந்தான். வலது புருவத்துக்கு மேலிருந்து மூக்கு நுனி வரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். கண் வீங்கி மூடியிருந்தது. முகத்தின் இடது பாதி அவன் எப்போதும்போல் இருந்தது. அக்காவைப் பார்த்ததும் அந்தப் பாதி சிரிக்கப் பார்த்தது. “உங்க மெஷின் சொன்னது கரெக்ட்டா வந்துடுச்சு பாத்தியா” என்றான்.

டாக்டர் ஷமீமா வார்டுக்கு வெளியே அவளை நிறுத்தினாள். நாற்பது வயதிருக்கும். தூக்கமில்லாத முகம். பேச்சில் மரியாதை இருந்தது, குரலில் இல்லை.

“நீங்க அந்த நிறம் அனுப்புற கம்பெனியா?”

“ஆமா.”

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். வெயில்னால அக்கி வருதுன்னு சொல்றீங்க. அப்ப வெயில்ல நிக்கறவங்கதானே என்கிட்ட வரணும்? ரோடு போடறவங்க, பழம் விக்கறவங்க, ஒட்டு போடாதவங்க. அவங்க எப்பவும் வர்ற அளவுக்குத்தான் வர்றாங்க. வார்டு நெறைஞ்சு கெடக்கறது டிரைவருங்க. அதுவும் ஓட்டிட்டிருந்தவங்க இல்ல. வேலையில்லாம நிழல்ல உக்காந்திருந்தவங்க.”

“சிவப்பு வந்தவங்களுக்குத்தானே வரும். அதைத்தானே முன்கூட்டியே சொல்றோம்.”

“முன்கூட்டி சொல்றீங்களா, வர வைக்கிறீங்களா? ஒரு மனுஷனோட வேலையைப் புடுங்கி, பக்கத்துல யாரையும் அண்ட விடாம, தூங்க விடாமப் பண்ணினா ஒடம்போட எதிர்ப்புச் சக்தி என்ன ஆகும்? அக்கிக்கு வேற என்ன வேணும்? வெயில் ஒரு ஓரமாத் தள்ளிவிடும், அவ்வளவுதான். மிச்சத்தை நீங்க பண்றீங்க.” ஷமீமா கையிலிருந்த சீட்டை மடித்தாள். “ஊசி இருக்கு. போட்டா பெரும்பாலும் வராது. உங்க பஸ் முதலாளிக்கு நாலு தடவை சொல்லி அனுப்பிட்டேன். உங்க தம்பிக்கு அந்தக் கண்ணுல பார்வை முழுசாத் திரும்பாது. ஒரு மனுஷன் பயத்துல துடிக்கறப்ப கூட இருந்த யாராவது கவனிச்சிருக்கணும்.”

புனிதவதி பதில் தேடினாள். தேடியபோதுதான் படிக்காமல் ஏறிய மதிப்பெண் விளங்கியது. சிவப்பு வந்தவர்களுக்கு அக்கி வந்தது. வரவர, ஜனங்கள் சிவப்பை இன்னும் நம்பினார்கள். நம்பியதால் இன்னும் பயந்தார்கள். பயந்ததால் இன்னும் வந்தது. மாடல் முன்னேறவே இல்லை. பயம்தான் முன்னேறியிருந்தது.

ஆனாலும் அவள் நிரூபணம் இல்லாமல் தன் பெற்றோரைக்கூட நம்பாதவள். சென்னைக்குத் திரும்பியதும், யாரிடமும் சொல்லாமல், வேலூர் டிப்போவுக்குப் போகும் எல்லாச் செய்திகளையும் பச்சையாக மாற்றினாள். மெஷின் சிவப்பு என்று சொன்னவனுக்கும் பச்சை. அதே ஜம்பு டிரான்ஸ்போர்ட்டின் ஆம்பூர் டிப்போவை அப்படியே விட்டாள். இரண்டு ஊருக்கும் ஒரே வெயில், ஒரே வறட்டுக் காற்று. அந்த மாதம் முழுக்க, உண்மையிலேயே கிருமி கிளம்பிய எவனாவது பஸ்ஸோடு கவிழ்ந்தால் அந்த உயிர்கள் தன் கணக்கில்தான் என்பது தெரிந்தே இருந்தாள். டிவியில் விபத்துச் செய்தி என்றாலே எழுந்து நின்றுவிடுவாள்.

எதுவும் கவிழவில்லை. வேலூரில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் அக்கி வந்தது. இருவரும் லேசான கொப்புளத்தோடு மாத்திரை சாப்பிட்டுத் தேறிவிட்டார்கள். ஆம்பூரில் வழக்கம்போல் சிவப்பு வந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு.

அவள் அபிநவின் அறைக்குப் போனபோது ஜம்புலிங்கமும் இருந்தார். விரல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே கேட்டார். அவள் செய்ததையும், கண்டதையும், ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். ஒருத்தனாவது தலைகுனிவான் என்று எதிர்பார்த்தாள். இத்தனை வருஷம் மனிதர்களை அளந்தும் அவளுக்கு அந்த ஒரு மூடநம்பிக்கை பாக்கி இருந்தது.

அபிநவ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “அப்படின்னா மேடம், பச்சையே ஒரு மருந்து” என்றான்.

“நான் சொன்னது உனக்குப் புரியலையா?”

“புரியுது மேடம். ரொம்ப நல்லாப் புரியுது. பச்சையைத் தனியா விக்கலாம். வேணும்கறவங்க மாசாமாசம் கட்டினா, பச்சை உறுதி. பணக்கார வீடுங்க, ஸ்கூலு, ஐடி கம்பெனி. நீங்களே டெஸ்ட் பண்ணிட்டீங்க, நல்லா வேலை செய்யுது.”

“டிரைவருங்களுக்கு?”

ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமினார். “அவங்களுக்கு இப்ப இருக்கறதே இருக்கட்டும்மா. எனக்கும் வண்டி கொறைஞ்சுபோச்சு, ஆளு ஜாஸ்தி. நானாப் போன்னு சொன்னா கொடி புடிப்பானுங்க. வெயில் சொன்னா எவன் கொடி புடிப்பான்?”

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடுகூடச் சொல்லவில்லை. மழை வந்தால் குடை பிடிப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். புனிதவதிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரில் மனிதன் இருக்க வேண்டும். அடையாள அட்டையைக் கழற்றி, பீங்கான் தட்டில் மிச்சமிருந்த பிஸ்கட்டுகளின் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சுகாதாரத் துறைக்கு எழுதினாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. பத்திரிகைகளுக்குப் போனாள். ஒரு நிருபர் மட்டும் உட்கார வைத்துப் பேசினார். “கணக்கை வெச்சு என்னம்மா எழுத முடியும்? பாதிக்கப்பட்டவர் ஒருத்தர் முன்னால வந்து சொல்லட்டும், முதல் பக்கத்துல போடுறேன்” என்றார்.

ஒருத்தர் இருக்கிறார் என்று புனிதவதி வேலூருக்கு பஸ் ஏறினாள்.

ஊருக்குள் நுழையும்போதே பார்த்துவிட்டாள். சிக்னலில் முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் ஆள் உயரத்துக்குத் தணிகாசலம். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. ‘நாலு நாள் முன்பே சொன்னார்கள். என்னையும் காப்பாற்றினார்கள், என் பயணிகளையும் காப்பாற்றினார்கள்’ என்று அவன் சொல்வதாகப் பெரிய எழுத்து. மூலையில் வானுடலின் சிரிக்கும் சூரியன்.

வீட்டில் அவன் அதே கண்ணாடியோடு எழுந்து வந்து வரவேற்றான். நடையே மாறியிருந்தது. “பாத்தியாக்கா, பஸ்ஸுல என்னைப் போட்டுருக்காங்க. உங்க அபிநவ் சாரே வந்தாரு, தெரியுமா? டிப்போவுல டைம் கீப்பரா உக்கார வெச்சிருக்காங்க. புதுசா வர்ற டிரைவருங்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்றேன்.”

“தணிகா, நான் சொல்றதைக் கேளு. அந்த சிவப்பு வரலைன்னா உனக்கு அக்கி வந்திருக்காது. நீ நல்லாத்தான் இருந்த. உன்னைப் பயமுறுத்தி நாங்கதான் வர வெச்சோம்.”

அவன் சிரித்தான். “இல்லக்கா. நான் அன்னிக்கு வண்டி எடுத்திருந்தா? நாப்பது பேரு உள்ள இருக்கசொல்ல கண்ணு போயிருந்தா? நெனச்சுப் பாரு. நாப்பது பேரு உன்னாலதான் இன்னிக்கு உசிரோட இருக்குறாங்க. நான் இதை எல்லார்கிட்டயும் சொல்றேன், எங்க அக்கா மெஷினுன்னு.”

“நீ வண்டி எடுத்திருந்தா கண்ணு போயிருக்காதுடா.”

“எனக்கு ஆறுதல் சொல்ற நீ. தெரியுது. வுடுக்கா. ஒரு கண்ணுதானே, நான் வருத்தப்படல.”

அவள் வாழ்நாளில் அவனுக்கு ஒரு முறைகூட ஆறுதல் சொன்னதில்லை. இன்று சொன்ன பச்சை உண்மையை அவன் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டான். முட்டாள் என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் சொல்லை அவன் முகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

குமுதா தெருமுனை வரை கூட வந்தாள். நடந்துகொண்டே, இவளைப் பார்க்காமல் பேசினாள். “நீங்க சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும் அண்ணி. கூட படுத்துகினு இருந்தவ நான். அந்த மெசேஜ் வந்தப்புறம் நாலு நாளும் மனுஷன் ஒரு பொட்டு கண்ணு மூடல. நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டாங்க. இப்பதான் நல்லாத் தூங்குறாரு. நாலு பேரு மதிக்கிறாங்க. அதையும் புடுங்கிடாதீங்க.”

“அப்ப மத்தவங்க?”

“அது நீங்க பாத்துக்கணும். எங்க வீட்டுக்காரரு கண்ணைக் குடுத்துட்டாரு. வேற இன்னா கேக்குறீங்க அவருகிட்ட?”

பஸ் நிலையத்துக்கு வந்தபோது சாயங்காலம். சென்னை வண்டி நின்றிருந்தது. அவள் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். டிரைவர் ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒட்டு போட்டிருந்த காதின் பின்புறத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தான். போனில் மஞ்சள்.

“என்ன, பயமா இருக்கா?” என்றாள்.

அவன் திரும்பினான். “நாளைக்கு செவப்பு ஆயிடும் போலக்குதும்மா. போன வாரம் எங்கூட இருந்தவனுக்கு இப்படித்தான் ஆச்சு.”

“ஆகாது. அது பொய்க் கணக்கு. அதைப் போட்டவளே நான்தான். வானிலையிலயும் புள்ளியியல்லயும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கினவ. இதுல ஒரு தலைகீழ் விளைவு இருக்கு, அதாவது—”

அவன் கண்ணில் ஒன்றுமே ஏறவில்லை. “எங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா” என்று மறுபடி போனைப் பார்த்தான்.

இவர்களோடு பேசிப் பயனில்லை என்று எழுந்து பின் இருக்கைக்குப் போகலாம். வழக்கமாக அவள் அதைத்தான் செய்வாள். அவன் விரல் மறுபடி காதுக்குப் பின்னால் போனது. டீக்கடையில் ஒருத்தன் உடம்பையே தடவிக்கொண்டிருப்பதாகச் சொன்னது அவளுக்குக் கேட்டது.

“பஸ்ல போட்டோ இருக்கே, கண்ணாடி போட்டுக்கிட்டு. தணிகாசலம். அவன் என் தம்பி.”

டிரைவர் இருக்கையிலிருந்தே எழுந்துவிட்டான். “தணிகாசலம் அண்ணனோட அக்காவா? அவருக்கு நாலு நாளு முன்னாடியே சொன்னது நீங்கதானா?”

“நான்தான்” என்றாள்.

“அப்ப எனக்கு வருமா, வராதா? நீங்களே சொல்லுங்க.”

நிரூபணம் இல்லாமல் அவள் எதையும் சொன்னதில்லை. அவன் கண்ணில் இப்போது அவள் சொல்லப்போகும் எதையும் ஏற்றுக்கொள்ளும் வெளிச்சம் இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பில் முக்கால் பங்கு தன் மேல்தான்.

“வராது. நிறம் என்ன வந்தாலும் பயப்படாதே. இன்னிக்கு நல்லாத் தூங்கு. நாளைக்கு வேலூர் திரும்பினதும் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் ஷமீமான்னு கேட்டு, அக்கிக்குத் தடுப்பூசி போட்டுக்க. நான் அனுப்பினேன்னு சொல்லு.”

“சரிங்கக்கா” என்றான். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முப்பது வருஷம் அவள் அடுக்கி வைத்த காரணங்களுக்குக் கிடைக்காத தலையாட்டல் அது. அவன் தோள் இறங்கியது. மூச்சு சீரானது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பக்கத்து வண்டிக்காரனைக் கூப்பிட்டான். “டேய், இங்க வா. தணிகாசலம் அண்ணன் அக்கா வந்துருக்காங்க. உனக்கும் மஞ்சள்னு சொன்னியே, வந்து கேளு.”

பக்கத்து வண்டியிலிருந்து ஒருத்தன் இறங்கி வந்தான். டீக்கடையிலிருந்து இன்னும் இரண்டு காக்கிச் சட்டைகள் எழுந்து வந்தன. புனிதவதி படியில் இறங்கி நின்றாள். கண்டக்டர் விசில் ஊதினார். சென்னை வண்டி கிளம்பிப் போனது. அவள் அதில் இல்லை.